அப்புச்சி நடந்த நாற்பது அடி

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டரிடம், "குமாரபாளையம் போகுங்களா?" என்று கேட்டேன். "போகும், ஏறுங்க" என்றார். போகும் என்றுதான் சொன்னார், ஊருக்குள் போகும் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என்னையும் என் பெரிய பெட்டியையும் பைபாஸ் பாலத்தடியில் இறக்கிவிட்டு, "அக்கட்டால நடந்தீங்கன்னா ஆட்டோ நிக்கும்" என்று சொல்லி விசில் அடித்துவிட்டார். மஸ்கட்டில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்ததில் எனக்கு இதெல்லாம் மறந்து போயிருந்தது. அங்கே பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்குள் பஸ் போகும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சங்ககிரி வருவதற்குள் என் கதையை முழுதாக வாங்கிவிட்டார். தாத்தாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம், எட்டு மாதம் ஆகிறது, பேச்சு வரவில்லை. கேட்டுவிட்டு, "மாடப்புறா ரத்தம் தேச்சீங்கன்னா கை வந்துருங்க" என்றார். "எங்க சின்ன மாமனாருக்கு அப்பிடித்தான் வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காருங்க?"

"அவரு செத்துட்டாருங்க. ஆனா கை வந்துருச்சு."

சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மா பையிலிருந்து தட்டுவடை செட் பொட்டலத்தை எடுத்து, பாதியை என் கையில் வைத்தார். பீட்ரூட்டும் கேரட்டும் காரச் சட்னியுமாக இரண்டு தட்டுவடைக்கு நடுவில் அமுக்கி வைத்திருப்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் அதைத் தின்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது போய்விட்டது. குமாரபாளையத்தில் இறங்கும்போது துப்பட்டாவெல்லாம் பீட்ரூட்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் தாய்மாமா போன் பண்ணினார். "அய்யன் நடக்கறாரு அம்மிணி. பத்து எட்டு வெக்கறாரு. நம்ம கருப்பனாருக்குக் கெடா வெட்டறதா நேந்திருக்கறோம், அடுத்த மாசம் ஞாயித்துக்கெழம. நீ வந்தீன்னா இன்னம் நாலு எட்டுச் சேத்தி வெப்பாரு." என் அம்மா நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இறந்துவிட்டார். அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபாலிடம் சொன்ன காரணம் அதுதான்.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு.

அப்புச்சி தினமும் காலையில் எனக்குப் போன் பண்ணுவார். இங்கே எட்டு மணி என்றால் அங்கே ஆறரை. நான் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்துகிற நேரம் அவருக்குத் தெரியும். முப்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டியவர். அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகி, போனிலும் கத்துவார். அவர் "சாப்டியா அம்மிணி" என்றால் பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்ப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தச் சத்தம் இல்லை. கொழகொழவென்று ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. பல்செட்டை மாட்டாமல் பேசுகிறார் என்று நினைத்தேன். இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை அப்படிப் பேசி என்னிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். "பல்ல மாட்டிக்கிட்டுப் பேசுங்க அப்புச்சி, எனக்கு பெல் அடிச்சாச்சு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

அன்றைக்குக் குமாரபாளையத்தில் அத்தை காலை ஆறரைக்கு அவருக்கு டீ கொடுத்துவிட்டு, மாமாவோடு தறிக்குடோனுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு வந்து பார்த்தபோது அப்புச்சி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்" என்றாராம் டாக்டர். மாமா இதைப் போனில் சொல்லி அழுதார். நான் "அழாதீங்க மாமா" என்றேன். எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்ததைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அப்போதும் சொல்லவில்லை. அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. அப்புச்சிக்கு ஞாபகம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவரால் சொல்ல முடியாது. இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் திரும்புவது என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

வீட்டில் முன்னறையில் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாகிப் போயிருந்தார். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது, வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பாதி சிரித்தது. "ஆவோ" என்றார்.

இந்தியில் 'வா' என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை பின்னாலிருந்து, "இந்திதான் வருது உங்க அப்புச்சிக்கு" என்றார்.

அது ஒரு தனிக் கதை, போனில் யாரும் எனக்குச் சொல்லாத கதை. மூன்று மாதம் "ம்" என்றுகூடச் சொல்லாமல் கிடந்த மனிதர், ஒருநாள் காலையில் தெளிவாக "சலோ" என்றிருக்கிறார், போகலாம் என்று. பிறகு தண்ணீருக்கு "பானி". வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. மத்தியப் பிரதேசத்துக் காட்டிலும் ஒடிசாவிலும் ரிக் ஓட்டியபோது எங்கேயோ தங்கியிருந்த வடக்கத்திப் பேய் ஒன்று இப்போது ஆள் அசந்த நேரத்தில் பிடித்துக்கொண்டது என்று அத்தைக்குச் சந்தேகம். எடப்பாடிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போய் உடுக்கை அடித்துத் திருநீறு போட்டிருக்கிறார்கள். கோடாங்கி பேயிடம், "நீ எந்த ஊரு, எதுக்கு வந்தே?" என்று அதட்டியிருக்கிறார். அப்புச்சி "பஸ், பஸ்" என்றாராம். பஸ் ஏறி வந்த பேய் என்று முடிவு செய்துவிட்டார்கள். இந்தியில் போதும் போதும் என்று பாவம் மனுசன் கதறியிருக்கிறார்.

பிசியோதெரபி பண்ண வருகிற பெண்தான் விளக்கிச் சொல்லியிருக்கிறார். மூளையில் அடிபட்டவர்களுக்கு சில சமயம் தாய்மொழிக்கு முன்னால் வேறு பாஷை திரும்பி வருமாம். அத்தை அதையும் நம்பினார், கோடாங்கியையும் நம்பினார். "திருநீறு போட்டதுக்கப்பறம்தான ஆவோன்னு சொன்னாரு" என்றார் என்னிடம்.

வெள்ளிக்கிழமை காலைப் பலகாரம் சந்தகையும் தேங்காய்ப்பாலும். அப்புச்சிக்கு மட்டும் கொள்ளு ரசத்தில் குழைத்த சோறு. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். வலது கை தட்டிலிருந்து வாய்க்குப் போக முக்கால் மணி நேரம் ஆகிறது, பாதிச் சோறு சட்டையில். அத்தை ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் மஸ்கட்டிலிருந்து வளைந்த பிடி வைத்த ஸ்பூன் வாங்கிப் போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு "பஸ்" என்றார். பிசியோ பெண் எட்டு மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார். நான் புகார் சொன்னேன். "அப்படியே விட்டுருங்க அக்கா. நல்ல கையைக் கட்டிப்போட்டுச் சொணங்கின கைக்கு வேலை குடுக்கறதுக்கு நாங்க தனியா வைத்தியமே வெச்சிருக்கோம். தாத்தா அவராவே பண்றாரு" என்றார்.

அத்தைக்காகப் பெட்டியில் ஒரு ஜோடி மெத்துச் செருப்பு வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். குதிகாலெல்லாம் பித்தவெடிப்பு வந்து, களிமண் காய்ந்த மாதிரி இருந்தது. அப்புச்சி நடந்து கோயிலுக்கு வருகிற வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டியிருக்கிறார். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ரேஷன் கடைக்குப் போய் வந்திருக்கிறார். மாமாவுக்கு மார்பு வரை தாடி. எட்டு மாதமாகக் கறி, முட்டை கிடையாது. கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது என்று சொல்லுகிற மனிதர்.

நான் என்ன பண்ணினேன்? நாலு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்றை பார்சலில் அனுப்பினேன். அதில் இப்போது அப்புச்சியின் துண்டு காய்கிறது.

"உங்களுக்குச் சாமி மேல கோவமே வரலீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம்? உசுரக் குடுத்துருச்சு. மிச்சத்த நடந்து நடந்து வாங்கிக்கறோம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அத்தை என் துப்பட்டாவைக் காட்டி, "இந்தக் கறையில சோடாமாவு போடோணும், கழட்டிக் குடு" என்றார். கழற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாமாவிடம் சொல்லிவிடுவது என்று தறிக்குடோனுக்குப் போனேன். பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மாமா காதுக்குப் பக்கத்தில் போய், "அன்னைக்கி அப்புச்சி எனக்குப் போன் பண்ணினாருங்க" என்று கத்தினேன். மாமா கையை ஆட்டி, "என்ன அம்மிணி?" என்றார். மறுபடியும் கத்தினேன். "லுங்கியா? வேணுங்கறத எடுத்துக்க" என்று மூட்டையைக் காட்டினார். நான் ஒரு லுங்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோழை என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை அத்தை கெடாவைக் குளிப்பாட்டினார். நேர்ந்துவிட்ட கெடா என்பதால் குட்டியாக வாங்கிய நாளிலிருந்து தினமும் குளியல். தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கிறது. கல்லூரி விடுதியில் இருக்கிற பையனைப் பற்றிப் பேசுவதைவிட அத்தை அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நாளைக்கு அதை வெட்டப் போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "சாமி சொத்து. நாம வளத்தறதுக்குத்தான் பாத்தியப்பட்டவிய" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மாமாவின் பழைய ஆம்னி வேன். முன்னால் மாமாவும் அப்புச்சியும். நடுவில் அத்தையும் நானும். பின்னால் அண்டா, விறகு, கெடா. கெடா திருச்செங்கோடு வரைக்கும் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வந்தது. மஸ்கட்டில் நாய்க்குட்டியைக் காரில் ஏற்றினாலே அபார்ட்மெண்ட் காவலாளி ஆயிரம் கேள்வி கேட்பார்.

வையப்பமலை தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். மாமா ஸ்டெப்னியை இறக்கித் தட்டிப் பார்த்தார், அதில் காற்றே இல்லை. ஸ்டெப்னி என்று ஒன்று இருப்பதே மறந்துபோய் வருடக்கணக்காகிவிட்டது என்றார். அதைத் தூக்கிக்கொண்டு, பைக்கில் வந்த ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து பஞ்சர் கடை தேடிப் போய்விட்டார். நாங்கள் அப்புச்சியை மெல்ல இறக்கி எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தோம். கெடாவும் இறங்கிப் பக்கத்தில் நின்றது.

கடையில் கோழிப்பண்ணையில் வேலை செய்கிற வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் தங்கள் பாஷையில், "நம்ம ஊர்ல இந்த நெலமையில இருக்கறவங்கள வீட்ட விட்டு வெளிய கொண்டுவர மாட்டாங்க. இவங்க பாரு, ஆட்டோட சேத்துக் கூட்டிட்டுப் போறாங்க" என்றார். மஸ்கட் புண்ணியத்தில் எனக்கு இந்தி புரியும். அப்புச்சிக்கும் புரிந்தது. இடது கையால் பெஞ்சைத் தட்டி "பைட்டோ" என்றார். இரண்டு பேரும் திகைத்துப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்த ஊர் என்று நான் கேட்டேன். பெயரைச் சொன்னதும் அப்புச்சி தலையை ஆட்டி, தரையைக் காட்டி, இடது கை விரலை விரித்து விரித்து மூடினார். அந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சொல்கிறார் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாமா சக்கரத்தோடு திரும்பி வந்தபோது அந்த ஆட்கள்தான் ஜாக்கி போட்டுக் கொடுத்தார்கள்.

எங்கள் கருப்பனார் கோயில் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கோபுரம் எல்லாம் கிடையாது. வேப்பமரத்தடியில் சாமி, எதிரே நாற்பது அடி தூரத்தில் வேல் நட்டிருக்கிறது. வேலிலிருந்து சாமி வரைக்கும் அப்புச்சி நடக்க வேண்டும். அதுதான் வேண்டுதல். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள்.

மாமா இடது பக்கம் நின்றார், ஆனால் பிடிக்கவில்லை. அப்புச்சி "சலோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வலது காலை இழுத்து வைத்தார். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு "சலோ". பத்தாவது எட்டில் நின்றார். வேர்த்துக் கொட்டியது. பூசாரி நாற்காலி கொண்டுவரச் சொன்னார், அத்தை வேண்டாமென்று கையைக் காட்டினார். பதினேழில் வலது கால் மடங்கியது. அவரே நிமிர்ந்துகொண்டார். கணக்கு டீச்சர் என்பதாலோ என்னவோ நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அவர் சாமி முன்னால் போய் நின்றபோது மாமா கீழே விழுந்து கும்பிட்டார். அப்புச்சியா சாமியா, யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

பிறகு கெடாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது, வேண்டுதலைச் சாமி ஏற்கவில்லை, குடும்பத்தில் ஏதோ குறை இருக்கிறது.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். கெடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. இரண்டாவது சொம்பு. காதைக்கூட ஆட்டவில்லை. தினம் தினம் குளிப்பாட்டினால் அது ஏன் துலுக்கப் போகிறது? எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்புச்சி கெடாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து காட்டியும் சாமி தன்னை வேண்டாம் என்று சொல்கிறதோ என்று அவர் நினைப்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது.

பூசாரி சொன்னார்: "ஊட்டுச் சனம் யாராச்சும் மனசுல குறை வெச்சிருந்தா சாமி முன்னால சொல்லிப்போடுங்க."

மாமா முன்னால் வந்தார். "ஆஸ்பத்திரியில ஒருநா, இப்பிடிக் கெடக்கறதுக்குப் போயிட்டாத் தேவலைன்னு நெனச்சுட்டேன் சாமி. மன்னிச்சுப்போடு." மறுபடியும் தண்ணீர். கெடா நின்றது.

அத்தை வந்தார். வெடித்த காலோடு சாமி முன்னால் நின்று, "அன்னைக்கி டீயக் குடுத்துட்டு மூஞ்சியக்கூடப் பாக்காம தறிக்கு ஓடிட்டேன். நின்னு ஒரு வார்த்த பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும். நேரத்துக்குக் கொண்டு போயிருக்கலாம். எல்லாம் என்ற தப்புத்தான் சாமி" என்றார். சொல்லிவிட்டுத் தேம்பினார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. மகள் வயிற்றுப் பேத்தி இந்தக் கோயிலுக்கு விருந்தாளி, பங்காளி இல்லை. இருந்தாலும் ஓர் அடி முன்னால் வைத்தேன். தொண்டையைச் செருமினேன்.

அந்த நேரத்தில் கெடா தலையிலிருந்து வால் வரைக்கும் உதறித் துலுக்கியது. எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. "உத்தரவு குடுத்துட்டாரு" என்று பூசாரி கையை உயர்த்தினார், பெண்கள் குலவை இட்டார்கள். அப்புச்சி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பேச வந்த நான் வந்த வழியே பின்னால் போனேன்.

மத்தியானம் மரத்தடியில் இலை போட்டார்கள். கறிக்குழம்பு, ரத்தப் பொரியல், சோறு, ரசம். மாமா எட்டு மாதம் கழித்து முதல் கறித்துண்டை வாயில் வைத்துவிட்டு வெகு நேரம் மென்றார். அப்புச்சிக்குச் சாற்றில் பிசைந்த சோறு. வழக்கம்போல வலது கை, வழக்கம்போல முக்கால் மணி நேரம். அத்தை கறி தொடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்ற உணர்ச்சிக்கும் பசிக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது அத்தை பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாலு அடி வைத்துவிட்டு, "கால் கூசுது" என்று சிரித்தார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை.

வேன் காட்டுப் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறியது. அத்தை என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, "மனசுல இருந்தத நான் சொன்னதுக்கப்பறந்தான் அம்மிணி சாமி எறங்குச்சு. என்ற தப்புதான்னு எனக்கு எட்டு மாசமாத் தெரியும். சாமியே ஒத்துக்கிச்சு. இனி நிம்மதியாத் தூங்குவேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்த அம்மா தன் தலையில் இல்லாத பழியைச் சாமி சீல் வைத்துக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

"அத்தை, உங்க தப்பு இல்லீங்க" என்றேன். "நீங்க டீ குடுத்தப்ப அவரு நல்லாத்தான் இருந்தாரு. எட்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணினாரு. பேச்சுக் கொழறுச்சு. நான் பல்செட் மாட்டலைன்னு நெனச்சு சிரிச்சுட்டு வெச்சுட்டேன். அப்பவே மாமாவக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. எட்டு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

மாமா வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டார். முட்டை அட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அத்தையின் கை என் முழங்காலில்தான் இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை. மாமா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எட்டு மணிக்கா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

திட்டினால் தேவலை என்று இருந்தது.

முன் இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ந்..." என்று இழுத்தது. அப்புச்சிக்குத் தண்ணீர் வேண்டும் போலிருக்கிறது என்று அத்தை பாட்டிலை எடுத்தார். அப்புச்சி இடது கையால் அதைத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. நாற்பது அடி நடந்தபோதுகூட அவ்வளவு சிரமப்படவில்லை.

"நா... நாந்தான்."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான்... போனு..." வாய் கோணிக்கொண்டு போனது. அதை இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தார். "வெச்சேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "பேசிட்டாரு, எங்கய்யன் பேசிட்டாரு" என்று குழந்தை மாதிரி அழுதார். அத்தை கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "கேட்டியா அம்மிணி? அவரேதான் வெச்சுட்டாராமா. நீ என்ன பண்ணுவே பாவம். இதையப் போயி மனசுல வெச்சுக்கிட்டு இத்தன நாளா."

பள்ளி வாசலில் சிவப்புப் பொத்தானை அழுத்தியது என் கட்டைவிரல். நான் அழுத்தியபோது அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் அப்புச்சி என்னைப் பார்த்தார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், பின்னால் இருப்பவரை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அது பொய் என்று அந்த வண்டியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.